மானாமதுரை வெயிலில் மங்குஸ்தான் தங்குமா?

24 ஜூலை 2022 (திருப்பத்தூர் வாசகர் கேட்டது)

குற்றாலம் போய்வந்தோம். மங்குஸ்தான் தின்றுவிட்டுக் கொட்டைகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருக்கிறேன். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். இங்கே முளைக்க வைத்தால் மரமாகுமா? கேட்டவர்கள் எல்லாரும் "மலைச்செடி, நம்ம வெயிலுக்குக் கருகிப்போகும்" என்கிறார்கள். உண்மையிலேயே வைத்துப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

24 ஜூலை 2022, இரவு

நான் உண்டு. மானாமதுரை. 2018 புரட்டாசியில் வைத்தேன், 2019 வைகாசியில் செத்தது. கருகித்தான் செத்தது. உங்களிடம் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் கொட்டையை இன்றைக்கே ஊன்றிவிடுங்கள், நாளை என்று தள்ளாதீர்கள். வெண்டை விதை மாதிரி காயவைத்து எடுத்துவைக்கிற சமாச்சாரம் இல்லை இது. உலர்ந்தால் உயிர் போய்விடும். இன்னொன்று, மங்குஸ்தான் விதை மகரந்தம் சேர்ந்து உண்டாவதல்ல. தாய்மரத்தின் திசுவிலிருந்தே நேராக உண்டாகிறது. அதனால் குற்றாலத்து மரம் எப்படியோ அப்படியேதான் பிள்ளையும் இருக்கும். "கொட்டைச் செடி வேண்டாம், ஒட்டுச் செடிதான் ருசி" என்று நர்சரியில் சொன்னால் மாம்பழத்துக்குத் தலையாட்டுங்கள், இதற்கு வேண்டாம்.

காய்க்க எட்டுப் பத்து வருஷம் ஆகும். அது வேறு.

25 ஜூலை 2022

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். வெயிலில்தான் கருகியது என்கிற மாதிரி எழுதிவிட்டேன். என் செடி வெயிலிலேயே இல்லை. வேப்பமரத்தடியில், பச்சை வலைக்கும் கீழே இருந்தது. பகலில் ஒரு மணி நேரம்கூட நேர்வெயில் படாத இடம். அப்படியானால் எது கருக்கியது? மூன்று வருஷமாக இதை யோசிக்கவே இல்லை நான்.

9 ஆகஸ்ட் 2022

பரமக்குடி நண்பர் ஒரு கேள்வி கேட்டு என்னை மாட்டிவிட்டார்: "இலை நடுவில் கருகியதா, நுனியில் கருகியதா?"

செத்த செடியின் போட்டோ பழைய போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நுனி. அதுவும் அடியிலிருந்த பழைய இலைகளில்தான் முதலில். நுனி பழுப்பாகி, ஓரம் வழியாக இரண்டு பக்கமும் இறங்கி, நடுவில் மட்டும் பச்சை படகு மாதிரி மிச்சமிருந்தது. வெயில் சுட்டால் அப்படி வராது. சூரியனைப் பார்த்த பக்கத்தில், இலையின் நடுவிலேயே வெளுத்த திட்டு விழும், பிறகு அது காகிதம் மாதிரி காயும். நுனியும் ஓரமும் பழைய இலையிலிருந்து ஆரம்பித்தால் சந்தேகப்பட வேண்டியது உப்பை.

அதாவது தண்ணீரை.

14 ஆகஸ்ட் 2022

இதை எழுதத்தான் ஐந்து நாள் ஆனது. வெட்கமாக இருந்தது.

ஆர்.ஓ. மெஷின் பார்க்க வந்தவரிடம் டிடிஎஸ் பேனா இருந்தது, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது. போர் தண்ணீரில் முக்கச் சொன்னேன், 1,740 காட்டியது. சரி, எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. பிறகு மெஷினிலிருந்து கழிவாக வெளியே போகும் குழாயில் முக்கினோம். 2,900. மெஷின் நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் அந்தக் கழிவில்தானே தள்ளுகிறது.

2018-லிருந்து மங்குஸ்தானுக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினேன் என்று நினைக்கிறீர்கள்? "குடிதண்ணீர் மெஷினிலிருந்து வருவது, வீணாகப் போகிறதே" என்று அந்தக் கழிவைத்தான் வாளியில் பிடித்து, வேளை தவறாமல், பாசத்தோடு ஊற்றினேன். மங்குஸ்தான் வேரில் மற்றச் செடிகளுக்கு இருப்பதுபோல் வேர்த்தூவிகள் கிடையாது. நல்ல நாளிலேயே தண்ணீர் உறிஞ்சத் திணறுகிற செடி அது. அதற்குப் போய் உப்புக் கரைசல்.

வாசல் கழுவ அந்தத் தண்ணீர் போதும். செடிக்கு வேண்டாம்.

2 அக்டோபர் 2022

மேட்டுப்பாளையம் போகிற வேலை வந்தது. ஊட்டி சாலையில் கல்லாறு அரசு தோட்டக்கலைப் பண்ணையில் இறங்கி இரண்டு மங்குஸ்தான் கன்று வாங்கினேன். 1900-ல் தொடங்கிய பண்ணை. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், ஜாதிக்காய் எல்லாம் அங்கே சாதாரணமாக நிற்கின்றன. அதற்கும் மேலே பர்லியாறு பண்ணை இன்னும் பழையது, 1871. அந்த மரத்தடியில் நின்றபோதே கன்னத்தில் ஈரம் ஒட்டியது. காலுக்குக் கீழே சருகு மெத்தை. அதைப் பார்த்ததும் என் வேப்பமரத்தடியை நினைத்துக் கொஞ்சம் சோர்ந்துபோனேன். பஸ்ஸில் கன்று இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஒன்று கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில், போர் தண்ணீர். இன்னொன்று மண்தொட்டியில், ஏசி தண்ணீர். பார்ப்போம்.

ஏசி தண்ணீர் என்றால் வெளியே சொட்டுமே, அதுதான். பேனாவில் 22 காட்டுகிறது. மழைத் தண்ணீர் மாதிரிதான். ராத்திரி ஓடினால் காலையில் நாலு லிட்டர் கிடைக்கிறது. இப்போதெல்லாம் ஒன்பது மணிக்கே நான் ஏசியைப் போடுவதைப் பார்த்து வீட்டில், "ஏங்க, ஏசி எனக்கா உங்க செடிக்கா?"

11 அக்டோபர் 2022

ஏசி தண்ணீரில் செம்பு கலந்திருக்காதா என்று கேட்டவருக்கு: நாள் முழுக்கத் தேங்கிய தண்ணீரை நான் ஊற்றுவதில்லை, அன்றன்று பிடித்ததை அன்றன்று. குடிக்க மட்டும் குடிக்காதீர்கள்.

எலுமிச்சை பிழிந்தால் போர் தண்ணீர் நல்ல தண்ணீராகுமா என்று கேட்டவருக்கு: பாதி ஆகும். காரத்தன்மை குறையும், இலை நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மஞ்சளாகிறதே, அந்த இரும்புச்சத்துக் குறைக்குக் கொஞ்சம் உதவும். ஆனால் சோடியமும் குளோரைடும் அப்படியேதான் இருக்கும். எலுமிச்சை உப்பை விரட்டாது. ஊறுகாயில் இரண்டும் சேர்ந்துதானே இருக்கிறது!

30 நவம்பர் 2022

பரமக்குடியார் மறுபடியும் பிடித்தார். "தொட்டியையும் மாற்றினீர்கள், தண்ணீரையும் மாற்றினீர்கள். ஒன்று பிழைத்து ஒன்று செத்தால் எதனால் என்று எப்படிச் சொல்வீர்கள்?"

சொல்ல முடியாதுதான். அறிவியல் பாடத்தில் நான் எப்போதும் பார்டர்.

மங்குஸ்தானை வைத்து இன்னொரு சோதனை செய்ய மனம் வரவில்லை. தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் உறவுக்காரர் நாலு அராபிகா நாற்று கொடுத்தனுப்பினார். நாலுக்கும் ஒரே மண் (செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் மணல்), ஒரே நிழல்.

1: பிளாஸ்டிக் தொட்டி, போர் தண்ணீர்
2: பிளாஸ்டிக் தொட்டி, ஏசி தண்ணீர்
3: மண்தொட்டி, போர் தண்ணீர்
4: மண்தொட்டி, ஏசி தண்ணீர்

8 மார்ச் 2023

இதுவரை: 1-ம் 3-ம் நுனி கருகத் தொடங்கிவிட்டன. 2-ம் 4-ம் பளபளவென்று நிற்கின்றன. தொட்டியைப் பற்றிப் பேச்சே வேண்டாம், எல்லாம் தண்ணீர்தான். நான் சொன்னது சரி.

போர் தண்ணீர் மங்குஸ்தானும் நுனி கருகல். தொட்டி கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு மழைத்தண்ணீரை (ஐப்பசியில் டிரம்மில் பிடித்தது) மெதுவாக ஊற்றி உப்பை அடியில் கழுவிவிட்டேன்.

17 மே 2023

மேலே "நான் சொன்னது சரி" என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து யாரும் படிக்காதீர்கள்.

2 வாடிவிட்டது. ஏசி தண்ணீர்தான், நுனியில் ஒரு கருகல் இல்லை, ஆனாலும் மத்தியானம் தொங்குகிறது. காலையிலும் நிமிரவில்லை. மண் ஈரமாக இருக்கிறது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் கோளாறு வேரில். சமையலுக்கு வாங்கிய ஊசி வெப்பமானி ஒன்று இருந்தது. மூன்றேகால் மணிக்கு ஒவ்வொரு தொட்டியாகக் குத்தினேன். நிழலில் காற்று 40. பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கத்து மண் 47. மத்தியானத்துக்கு மேல் வேம்புக்குக் கீழே சாய்ந்து வரும் ஒரு மணி நேர வெயில் அந்தக் கறுப்புச் சுவரில் நேராக விழுகிறது, அதை நான் கவனிக்கவே இல்லை. மண்தொட்டியில் 36.

பாவம், இலைக்கு நிழல் கொடுத்துவிட்டு வேரை வேகவைத்திருக்கிறேன்.

18 மே 2023

அதோடு நின்றதா? வாடிய செடியைக் குளிரவைக்கிறேன் என்று மத்தியானம் குழாயைத் திறந்து மண்ணில் பீய்ச்சுவேன், நாலைந்து நாளாக. இன்றைக்கு அந்தத் தண்ணீரிலும் வெப்பமானியைப் பிடித்தேன். மாடித் தொட்டியிலிருந்து வெயிலில் காயும் குழாய் வழியாக இறங்குகிற தண்ணீர், 45 டிகிரி. குழந்தையைக் குளிப்பாட்டக்கூட அதில் பச்சைத் தண்ணீர் கலப்போம்.

தண்ணீர் விடிகாலையில் மட்டும். முந்தின ராத்திரியே வாளியில் பிடித்து வைத்தது.

29 மே 2023

அக்கினி நட்சத்திரம் முடிந்தது. தப்பியவை: 3, 4, மங்குஸ்தான் இரண்டும். 2 போய்விட்டது. 1 ஒரு இலையோடு இருக்கிறது, அதைத் தப்பியதாகச் சொல்லலாமா என்று தெரியவில்லை.

ஆக, பங்குனி வரைக்கும் தண்ணீர் முக்கியம், சித்திரையில் தொட்டி முக்கியம். பரமக்குடியார் இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

12 ஜூன் 2023

எங்கள் ஊரில் மண்பாண்டத்துக்கு என்ன பஞ்சம்? இந்த வருஷம் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கச்சேரியில் கடம் வாசிப்பவர்கள் இங்கே வந்து தட்டித் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். நானும் போய்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "தம்பி, பாட்டுக்கா செடிக்கா? செடிக்குன்னா சத்தம் எதுக்கு?"

அவர் சொன்னபடிதான் வாங்கினேன். மணல் கூட்டிப் பிசைந்த மண், சுவர் வழியாகத் தண்ணீர் கசிய வேண்டும். உள்ளேயும் வெளியேயும் எதுவும் பூசக் கூடாது. நான் போன வருஷம் அழகுக்காகக் காவி பெயிண்ட் அடித்திருந்தேன் என்றதும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பெயிண்ட் அடித்தால் மண்பானையும் பிளாஸ்டிக் குடமும் ஒன்றுதான். பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது, கசிந்து ஆவியாகித்தானே?

இப்போது தொட்டிக்குள் தொட்டி. பெரியதற்குள் சின்னது, நடுவில் மூன்று விரல்கடை இடைவெளி, அதில் மணல் நிரப்பி ஈரமாக வைப்பது. இரண்டுக்கும் அடியில் ஓட்டை உண்டு. நடு மணலுக்குப் போர் தண்ணீரே ஊற்றலாமா என்று யோசிக்கிறேன், அது வேருக்குப் போகாதே.

20 ஜூன் 2023

இரட்டைத் தொட்டி, மத்தியானம் மூன்று மணி: 32 டிகிரி. காற்று 39. நம்பாமல் மூன்று தரம் குத்திப் பார்த்தேன். பாவம் செடி.

5 ஆகஸ்ட் 2023

சித்திரை வெயிலில் தப்பிய போர் தண்ணீர் மங்குஸ்தான் ஆடியில் போய்விட்டது. அக்கினி முடிந்ததும் நாம் ஆசுவாசப்பட்டு விடுகிறோம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருகிற காற்று ஈரமில்லாத காற்று, நாள் முழுக்க நிற்காது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் மங்குஸ்தானின் ஈரம் எந்த மூலைக்கு? இந்த முறை இளம் இலையின் ஓரங்கள்தான் முதலில் காய்ந்தன. நுனி அல்ல, பழைய இலையும் அல்ல. ஏற்கெனவே உப்பில் பாதி நொந்த செடி, தாங்கவில்லை.

மிச்சமிருக்கும் ஒன்றுக்கு மேற்குப் பக்கம் வலையைச் சுவர் மாதிரி கட்டினேன். மேல்வலையையும் ஆறடியிலிருந்து பத்தடிக்கு ஏற்றினேன். தாழக் கட்டினால் வெக்கை உள்ளேயே நிற்கிறது.

பக்கத்திலேயே இரண்டு வாழைக் கட்டையும் வைத்தேன். நிழலுக்கு நிழல், ஈரத்துக்கு ஈரம், இலைக்கு இலை.

6 ஆகஸ்ட் 2023

இலைமேல் ஸ்பிரே அடித்தால் போதாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அடித்த ஈரம் பத்து நிமிஷம்கூட நிற்காது. எங்கள் தண்ணீரில் அடித்தால் வெள்ளைப் புள்ளிதான் மிச்சம்.

19 நவம்பர் 2023

செடியை விட்டு வெளியே போகிறேன், மன்னிக்கவும். கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தார். டெங்கு சீசன். இரட்டைத் தொட்டி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார், மணல் விளிம்புவரை இருந்ததால் தண்ணீர் தேங்கவில்லை, பாஸ். திரும்பிப் போகிறபோது ஏசி வாளியை எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு மாநாடே நடந்துகொண்டிருந்தது. "அன்றன்று பிடித்ததை அன்றன்று" என்று மேலே பெருமையாக எழுதியவன் நான்தான். வாளிக்கு இப்போது வேட்டித் துணி கட்டியிருக்கிறது.

3 பிப்ரவரி 2024

கொழுந்தியாள் கொடைக்கானலிலிருந்து நீல ஹைட்ரேஞ்சியா கொண்டுவந்து ஒன்றரை வருஷமாகிறது. ஒரே ஒரு பூங்கொத்து, எலுமிச்சம்பழம் அளவு. இளஞ்சிவப்பு! "நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று அவர் போனில் கொதிக்கிறார். ஏமாற்றவில்லை. மண் புளிப்பாக இருந்தால் செடியால் அலுமினியத்தை எடுத்துக்கொள்ள முடியும், பூ நீலமாகும். காரமண்ணில் அலுமினியம் கிடைக்காது, சிவப்பாகும். முதல் வருஷம் எங்கள் தண்ணீரில்தான் வளர்ந்தது அது. டிடிஎஸ் பேனா வாங்க வசதியில்லாதவர்கள் ஹைட்ரேஞ்சியா வாங்கலாம்.

இன்னொரு வம்பு. எங்கள் தெருவில் ராத்திரி பூக்கும் ஒரு செடிக்குப் "பிரம்ம கமலம்" என்று விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். அது கள்ளி வகை, அமெரிக்கக் கண்டத்துச் செடி, நிஷாகந்தி. உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் இருக்கிறது, உத்தராகண்டின் மாநிலப் பூ. இதைச் சொல்லி ஒரு வீட்டில் காபி கிடைக்காமல் திரும்பினேன்.

22 மே 2024

மண்தொட்டியின் வெளிச்சுவரில் உப்பு பூத்திருக்கிறது. வெள்ளையாக, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்கிறது, நாக்கில் வைத்தேன், கரிக்கிறது. 3-ம் எண் காபி போர் தண்ணீரிலேயே எப்படி இத்தனை நாள் ஓட்டியது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சுவர் தண்ணீரோடு உப்பையும் கொஞ்சம் வெளியே இழுத்துவிடுகிறது. பிளாஸ்டிக்கில் எங்கே போகும்?

அப்படியானால் ஜூன் 2023-ல் நான் எழுதிய "நடு மணலுக்குப் போர் தண்ணீரே ஊற்றலாமா" தவறு. ஊற்றியும் பார்த்தேன். உள்தொட்டி சுவரும் கசியும் சுவர்தானே, உப்பு இரண்டு பக்கமும் நடக்கிறது. அதை யாரும் செய்யாதீர்கள். மணலுக்கு மழைத் தண்ணீர், அது தீர்ந்தால் குழாயில் வரும் குடிதண்ணீர்.

27 மார்ச் 2025

காபி பூத்துவிட்டது!

தாண்டிக்குடி உறவுக்காரர் சொன்ன வழி: மாசியில் மூன்று வாரம் பட்டினி போடு, செடி சாகாத அளவுக்கு மட்டும் ஈரம். அப்புறம் ஒரே நாளில் மழை பெய்த மாதிரி ஊற்று. தோட்டங்களில் கோடையின் முதல் மழை செய்கிற வேலை அது. மொட்டு அதற்காகத்தான் உறங்கிக்கொண்டு காத்திருக்குமாம். 17-ம் தேதி ஏசி தண்ணீரும் டிரம் தண்ணீருமாகப் பன்னிரண்டு லிட்டர் ஊற்றினேன். நேற்று, ஒன்பதாம் நாள், விடிகாலையில் கொல்லைக் கதவைத் திறந்ததும் மல்லிகைப்பூ வாசம். வீட்டில் மல்லிகை இல்லை. கிளையில் கணுவுக்குக் கணு வெள்ளை.

4-ம் எண் செடிதான். 3-லும் வந்தது, ஆனால் பாதிக்கு மேல் சின்னதாக, பச்சையாக, விரியாமல் நட்சத்திரம் மாதிரி நிற்கின்றன. வெக்கை கூடினால் அப்படி ஊமைப்பூ வருமாம், காயாகாது. இன்னும் இரண்டு வாரம் முன்னால் தண்ணீர் விட்டிருக்க வேண்டும்.

அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஒரு செடி போதும். இன்னொரு காபி வகையான ரொபஸ்டா வெக்கையைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதற்குத் துணைச்செடி வேண்டும்.

1 ஏப்ரல் 2025

வாசம் இரண்டே நாள்தான்.

21 டிசம்பர் 2025

41 பழம். கணக்காக எண்ணினேன். தோலை நீக்கி, வழவழப்பு போக ஒரு நாள் ஊறவைத்துக் கழுவி, மாடியில் காயவைத்து, மேல்தோலை நகத்தாலேயே உரித்து, தாளிக்கிற கரண்டியில் வறுத்தேன். 11 கிராம் வந்தது. ஒரே ஒரு டம்ளர் டிக்காஷன். முதல் வாய் அம்மாவுக்கு.

"ஏண்டா, இதுல சிக்கரி போடலையா?"

22 டிசம்பர் 2025

திருப்பத்தூர்க்காரர் மூன்று வருஷம் கழித்து எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் ஊன்றிய கொட்டையில் இரண்டு முளைத்ததாம், ஒன்று இன்னும் இருக்கிறதாம், முழங்கால் உயரம். என்னுடையதைவிட உயரம். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "ஊருணித் தண்ணி சார், வேற என்ன" என்கிறார்.

என்னுடையது முழங்காலுக்கு நாலு விரல் கீழே நிற்கிறது. இந்த வாரம் உச்சியில் புது ஜோடி இலை விட்டிருக்கிறது, மங்கிய செம்பு நிறம், தொட்டால் வெற்றிலைக் கொழுந்து மாதிரி துவள்கிறது. தை பிறந்ததும் வலையைப் பிரித்துத் தைக்க வேண்டும், மேற்குப் பக்கம் அணில் கடித்து ஓட்டை போட்டிருக்கிறது.